மூடி மாறிய பேனை

பழைய பேனைகளைச் சேர்ப்பவன் என ஒருவனைப் பற்றிப் பெயர் பரவிவிட்டால், அதன்பின் அவன் செல்லுமிடமெங்கும் ஒரே வினாவே அவனை எதிர்கொள்ளும். மணவீடாயினும் சரி, அந்தியேட்டி வீடாயினும் சரி, யாரேனும் ஒருவர் மெல்ல அருகில் வந்து அமர்வார். சட்டைப் பையிலிருந்தோ லேஞ்சி முடிச்சிலிருந்தோ பேனையொன்றை எடுத்து நீட்டுவார். "இது அசல்தானோ?" என்பார். ஆம், இல்லை என்னும் இரண்டில் ஒன்றையே அவர் விடையாக எதிர்பார்க்கின்றார். அவ்வாறு ஒரு சொல்லில் விடையிறுக்கத்தக்க பேனைகள் மிகச் சிலவே என்பதை இத்துறையிற் சிறிது காலம் பழகியோர் அறிவர்.

முப்பதாண்டு காலமாகப் பழம் பேனைகளைப் பார்த்து வருகின்றேன். பார்த்து வருகின்றேன் என்றேனேயன்றி வாங்கி வருகின்றேன் என்றேனல்லேன். ஆசிரியத் தொழிலின் ஊதியம் அதற்கு இடங்கொடுப்பதன்று. என் மேசை இழுப்பறையில் இருப்பவை நாற்பதுக்கு உட்பட்டவை. அவற்றுட் பாதி, உடைந்தவை எனப் பிறர் எறிய எண்ணியவை. ஆயினும் கையிலெடுத்து, கழற்றி, கழுவி, உரியவரிடமே மீளக் கொடுத்தவை பல நூறு இருக்கும். உடைமையாக்கிக்கொள்வதிலும் இனங்காண்பதிலேயே எனக்கு நாட்டம் மிகுந்தது. வசதிக்கேற்ற நாட்டம் என்று நண்பர்கள் நகைப்பதுண்டு.

பேனையை இனங்காண முற்படுவோர் முதலில் தேடுவது பெயரை. கிளிப்பில் என்ன இருக்கின்றது, நிப்பில் என்ன இருக்கின்றது என்று கண்ணாடி வைத்துப் பார்ப்பர். பெயரைப் போல் எளிதில் மாறக்கூடியது பேனையில் வேறொன்றில்லை. நிப்பைக் கழற்றி இன்னொன்றைச் செருகச் சில நிமிடங்கள் போதும். ஆதலின் உடல் எப்பொருளால் ஆனது என்பதையே யான் முதலில் நோக்குவேன். இதற்குக் கண்ணினும் மூக்கே சிறந்த துணை. பெருவிரலால் விரைந்து தேய்த்துச் சூடேற்றி முகரும்போது கந்தக வாடை எழுமாயின் அது எபனைற்று. இறப்பரோடு பெருமளவு கந்தகம் சேர்த்துச் சூடாக்கி இறுகச் செய்த பொருள். கற்பூர வாடை எழுமாயின் அது செலுலோயிட்டு. இங்கிலாந்துப் பேனைகள் சில பாற்புரதத்தினின்று ஆக்கிய கேசீனால் ஆனவை. காண்பதற்கு மிக அழகியவை. ஆனால் நீரில் ஊறவைத்தால் உப்பி வெடித்துவிடும். அக்கறையோடு கழுவப்பட்டே அழிந்தவை அவற்றுட் பல.

எபனைற்றுப் பேனைக்கு ஒளியும் ஈரமும் பகை. கன்னங்கரியதாய்ப் பிறந்த பேனை நாளடைவில் பாசி படர்ந்தாற்போலப் பழுப்பேறும். விற்போர் சிலர் அதற்குக் கரிய சாயம் ஏற்றி, கடையிலிருந்து நேற்று வந்தது போலாக்கி விடுவர். மூடியால் மறைந்திருக்கும் கழுத்துப் பகுதியையும் திருகுபுரியின் பள்ளத்தையும் வெளிப்புறத்தோடு ஒப்புநோக்கினால் உண்மை புலப்படும். ஒளிபடாத இடமும் ஒளிபட்ட இடமும் ஒரே கருமையாய் இருப்பது இயல்பன்று. உடலிற் செதுக்கிய நுண்ணிய அலைக்கோடுகள் மழுங்கியும் நிறம் மட்டும் இளமையாகவும் இருந்தால், ஐயுறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இவ்விடத்து ஒன்று சொல்லத் தோன்றுகின்றது. கியூ பூங்காவிலிருந்து வந்த இறப்பர்க் கன்றுகள் 1876 ஆம் ஆண்டு நம் நாட்டில் எனரத்கொடையில் நடப்பட்டன. பின்னர் இந்நாட்டு இறப்பர் கப்பலேறி எங்கெங்கோ சென்றது. எந்தப் பேனையில் எந்தத் தோட்டத்துப் பால் உறைந்திருக்கின்றது என்று காட்ட வழியில்லை. அப்பாலை வெட்டிச் சேர்த்த கைகளுட் பல, பேரேட்டிற் கையொப்பத்துக்குப் பதிலாகப் பெருவிரல் அடையாளம் இட்டவை. எபனைற்றை முகரும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும்.

சில உற்பத்தியாளர் நமக்கு உதவியாகத் தாமே குறிப்பு விட்டுச் சென்றுள்ளனர். வாட்டர்மன் பேனையின் அடிப்புறத்தில் 52 என்றிருந்தால், 5 என்பது நெம்புகோலால் மை நிரப்பும் முறையையும், 2 என்பது நிப்பின் அளவையும் குறிக்கும். ஆகவே 52 எனப் பொறித்த உடலில் 4 ஆம் அளவு நிப்பைக் கண்டால் இடையில் யாரோ கைவைத்தனர் என அறியலாம். வாட்டர்மன் காப்புறுதிப் பத்திரமொன்றில் மை கொட்டி வாடிக்கையாளரை இழந்தமையாலேயே ஊற்றுப் பேனையைப் படைத்தார் என்னும் கதையைப் பாடப்புத்தகங்களிலும் படித்திருப்பீர்கள். அது விளம்பரத்தாற் பரவிய, ஆதாரமற்ற கதை என்பதே இத்துறை ஆய்வாளர் முடிவு. பேனைகளை ஐயுறுவோர் பேனைக் கதைகளையும் ஐயுறவே வேண்டியிருக்கின்றது.

எனினும், இனங்காணலைக் கற்க விரும்புவோருக்கு யான் பரிந்துரைப்பது அரிய பேனையை அன்று. கோடிக்கணக்கிற் செய்யப்பட்ட பாக்கர் 51 ஐயே. நம் தகப்பன்மாரின் சட்டைப் பைகளில் அம்பு வடிவக் கிளிப்போடு விளங்கியது அதுவே. 1888 இல் தோன்றிய பாக்கர் நிறுவனத்தின் ஐம்பத்தோராம் ஆண்டில், அதாவது 1939 இல், வடிவம் நிறைவுற்றமையால் அவ்வெண்ணே பெயராயிற்று. ஐக்கிய அமெரிக்காவில் 1941 இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு முந்திய பேனைகளிலெல்லாம் நிப்பு வெளியே விரிந்து தெரியும். இதிலோ நிப்பு கூட்டுக்குள் மறைந்து நுனி மட்டுமே தலைகாட்டும். இது அழகு கருதி மட்டும் செய்யப்பட்டதன்று. விரைவில் உலரும் மையொன்றை அந்நிறுவனம் ஆக்கியிருந்தது. அத்தகைய மை வெளியே விரிந்த நிப்பிலேயே உலர்ந்துவிடும். ஆகவே நிப்புக்கு ஒரு முக்காடு வேண்டியதாயிற்று. அம்மையின் காரம் செலுலோயிட்டைத் தின்றுவிடும். ஆகவே உடலுக்கு லூசைற்று என்னும் புதுப்பொருள் வேண்டியதாயிற்று. ஒரு போத்தல் மைக்காகப் பேனையின் உருவமே மாறியது எனலாம்.

இனி, ஒரு பாக்கர் 51 கையில் வந்தால் அதன் வயதை அறிவது எங்ஙனம்? உடலின் கடைக்கோடியை நோக்குக. அங்கே நுண்ணிய மூட்டுத் தெரிந்து, திருகினால் சிறு மூடியொன்று கழன்று, அழுத்தும் தண்டு வெளிப்படுமாயின் அது வக்குமற்றிக் முறையைச் சேர்ந்தது, 1948 வரையிலானது. அதனுள் இறப்பர்ச் சவ்வொன்று உண்டு. அது நம் நாட்டு வெப்பத்தில் என்றோ பாகாய் உருகியிருக்கும். மூட்டு இல்லாமல், உடல் நடுவே திருகிக் கழன்று, உள்ளே உலோகக் கூடும் அழுத்துசட்டமும் இருந்தால் அது 1948 இல் வந்த ஏரோமெற்றிக் முறை. அதன் உள்ளிருக்கும் பை ஒளிபுகும் பிளாஸ்ரிக்கால் ஆனது; எழுபதாண்டு கடந்தும் நீரை இழுத்துப் பீச்சுவதைக் கண்டு வியந்திருக்கின்றேன். அமெரிக்காவிற் செய்தவற்றில், உடலிலுள்ள எழுத்துப் பொறிப்பின் அருகே ஊசிமுனையளவான இலக்கமொன்று இருக்கும். அதுவே ஆண்டின் இறுதி இலக்கம். அதனருகே மூன்று புள்ளிகள் இருந்தால் ஆண்டின் முதற் காலாண்டு, இரண்டாயின் இரண்டாவது, ஒன்றாயின் மூன்றாவது, புள்ளியே இல்லையேல் இறுதிக் காலாண்டு. ஆண்டு தேயத் தேயப் புள்ளியும் தேயும் இம்முறையை வகுத்தவர் யாரோ, அவர்மேல் எனக்கு மிகுந்த மதிப்புண்டு. என் கைக்கு வந்தவற்றுட் பெரும்பாலானவை இங்கிலாந்தில், நியூஹேவன் நகரிற் செய்யப்பட்டவை. 1950 களில் கொழும்புக் கடைகளில் வாங்கியவை.

கோடிக்கணக்கிற் செய்த பொருளில் அருமை எங்கே வரும் என வினவலாம். நிறத்தில் வரும். கறுப்பும் சாம்பலும் நீலமும் எங்கும் கிடைப்பன. பிளம் என்னும் நிறமோ ஏரோமெற்றிக் முறை தொடங்கிய 1948, 1949 ஆம் ஆண்டுகளை ஒட்டிய குறுகிய காலத்துக்கே உரியது. நம் நாவற்பழத்தின் சாற்றைச் சிறிது சிவப்பித்தாற்போன்ற நிறம் அது. மின்விளக்கில் அதனைச் சாதாரண சிவப்பினின்று பிரித்தறிதல் அரிது. முற்றத்து வெயிலிற் பிடித்தாலே ஊதா தலைகாட்டும். ஒரே அச்சில் வார்த்த இரு பேனைகளுள் ஒன்று மற்றதினும் பன்மடங்கு விலை பெறுவது இவ்வளவுக்காகவே.

போலிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். எனினும் சங்காயிற் பிறந்த ஹீரோவைப் போலி என்று சொல்ல என் நா எழுவதில்லை. உருவத்தைப் பாக்கர் 51 இனின்று எடுத்தது உண்மையே. ஆனால் தன் பெயரைத் தானே சீன எழுத்திற் பொறித்துக்கொண்டு, ஏழை மாணவன் வாங்கத்தக்க விலையில் வந்த பேனை அது. 1952 இல் சீனத்தோடு இறப்பர் - அரிசி ஒப்பந்தம் செய்துகொண்ட நாடு நம்முடையது. 1970 க்கும் 1977 க்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த காலத்தில் மேனாட்டுப் பேனைகள் கனவாயின. அக்காலத்தே பயின்ற எத்தனையோ பேர் சோதனை எழுதியது ஹீரோவினால். ஹீரோ 616 ஐப் பாக்கரினின்று பிரித்தறிவது கடினமன்று. முக்காட்டைக் கழற்றினால், பாக்கரில் பொன்னாலான குழல் வடிவ நிப்பும் ஹீரோவில் உருக்காலான நாக்குப் போன்ற நிப்பும் காணப்படும். கழற்றாமலே கையிற் தூக்கிப் பார்த்துச் சொல்வோரும் உளர்.

உண்மையில் ஏமாற்று எனத்தக்கது வேறொன்று. பல பேனைகளின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்றாக்கி, பிறந்தபடியே இருப்பது என விற்பது. அதனினும் எனக்கு வெறுப்பூட்டுவது பெயரழிப்பு. நம் நாட்டுப் பழம் பேனைகளுட் பல பெயர் பொறித்தவை. சோதனையிற் தேறிய மருமகனுக்கு மாமன் கொடுத்தது, இளைப்பாறிய அதிபருக்குப் பழைய மாணவர் கொடுத்தது, மணமகனுக்குச் சீதனத்தோடு வந்தது. சந்தையோ பெயருள்ள பேனையை விரும்புவதில்லை. விலையிற் பெரும்பங்கு குறைந்துவிடும். ஆகவே வணிகர் அப்பெயரை அரைத்து மெருகேற்றி விடுகின்றனர். உடலைக் கண்ணாடித் தகட்டில் மெல்ல உருட்டி, அதில் விழும் சாளரத்தின் நிழலை நோக்கினால், அரைத்த இடத்தில் அந்நிழல் நெளியும். 1945 செப்ரெம்பர் 2 ஆந் திகதி தோக்கியோக் குடாவில் யப்பானின் சரணடைவுப் பத்திரத்திற் கையொப்பமிட்ட தளபதி மக்காதர் பல பேனைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார். அவற்றுள் ஒன்று அவர் மனைவியின் செந்நிற டியோபோல்ட். அப்பேனைகள் ஒவ்வொன்றும் எங்கே சென்றது என்று இன்றும் ஆராய்வோர் உளர். தளபதியின் பெயரென்றால் விலை ஏறும். தமிழ் வாத்தியாரின் பெயரென்றால் அரைத்தெறிய வேண்டும்! இந்நீதி எனக்கு விளங்கியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் மானிப்பாய்ப் பக்கத்திலிருந்து வயதான அம்மையார் ஒருவர் என்னைத் தேடி வந்தார். துணிப்பையொன்றிலிருந்து பேனையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஐயாவின்ரை பேனை. அசல்தானோ எண்டு பாருங்கோ தம்பி."

கொழும்பிலுள்ள வணிகர் ஒருவருக்கு உறவினர் மூலம் முன்னரே அதனைக் காட்டியிருந்தார்கள். உடல் பாக்கர், மூடி சீனத்தது, பெயர் வேறு பொறித்திருக்கின்றது, ஆகவே விலைபோகாது, ஆயினும் தாமே வாங்கி, பெயரை மெருகேற்றி அகற்றி, வேறு மூடி தேடிப் பூட்டிக்கொள்வதாக அவர் சொல்லியிருந்தார். சொன்ன தொகை புதுப் பேனையொன்றின் விலைதான். மூடியைப் பார்த்ததும் வணிகர் சொன்னது பொய்யன்று என்று கண்டேன். அது ஹீரோவின் மூடி, தளர்ந்து ஆடியது. உடலில் ஆங்கிலத்தில் இரண்டு முதலெழுத்துகளும் ஒரு பெயரும் இருந்தன. பெயருக்கு மேலே, பொறிப்பின் அருகே, 9 என்னும் இலக்கம், ஒரு புள்ளி. உள்ளே ஏரோமெற்றிக் கூடு. எனவே 1949, மூன்றாம் காலாண்டு. எழுந்து முற்றத்துக்குச் சென்று வெயிலிற் பிடித்தேன். பிளம்.

வணிகர் நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன். "சிவப்புப் பேனை எண்டுதான் சொன்னவர்" என்றார். பெயரை அரைத்தால் அதனோடு ஒட்டியிருக்கும் 9 என்னும் இலக்கமும் புள்ளியும் சேர்ந்தே போகும். பேனையின் பிறப்புக்கு இருக்கும் ஒரே சான்று அதுவே. அதைக்கூட எண்ணாத மெருகேற்றல் என்ன மெருகேற்றலோ!

அமெரிக்கப் பேனை அக்காலத்தில் இங்கு வந்த வகை என்ன என வினவினேன். பெரியப்பா மலாயாவில் உத்தியோகம் பார்த்தவர் என்றும், தம்பி ஆசிரியப் பயிற்சிக்குத் தெரிவானபோது லீவில் வந்து கொடுத்தது என்றும் சொன்னார். மலாயாப் பென்சன்காரர் இல்லாத குறிச்சி யாழ்ப்பாணத்தில் எது? கதை காலத்தோடு பொருந்திற்று.

மூடியைக் கழற்றி உள்ளே விளக்கொளியில் நோக்கியபோது, பேனை இறுகி நிற்பதற்காகத் தாள் மடிப்பொன்று செருகப்பட்டிருந்தது தெரிந்தது. இடுக்கியால் எடுத்து விரித்தேன். கோடிட்ட கொப்பித் தாள், எழுத்து எதுவுமில்லை. இது எப்போது வைத்தது என்று கேட்டேன். அம்மையார் சிறிது நேரம் பேசவில்லை.

1995 ஒக்ரோபர் மாத இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் எழுந்து நாவற்குழிப் பாலம் கடந்து சென்றதை இவ்விதழின் வாசகருட் பலர் நூலிற் படித்தல்ல, நடந்தே அறிவர். அவர் தகப்பனார் அப்போது ஓய்வுபெற்ற ஆசிரியர். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்திற் தங்கியிருந்தபோது, நிவாரணத்துக்காகக் குடும்பங்களின் பெயர்களை எழுதும் வேலை அவரிடம் வந்தது. கையெழுத்து அழகானவர் என்பதனால் போலும். மேசையென்று சொல்லத்தக்க ஒன்றில் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுதியிருக்கின்றார். சுற்றிலும் சனம். பட்டியல் முடிந்தபோது மூடி இல்லை. சில நாள் மூடியில்லாமலே எழுதினார். நிப்பு முக்காட்டுக்குள் மறைந்திருந்தமையால் அது உலர்ந்துபோகாமல் ஒருவாறு எழுதியிருக்கும் என்பது என் ஊகம்.

"ஏ.எல். படிச்ச பெடியன் ஒருத்தன், தன்ரை பேனை உடைஞ்சு போச்செண்டு, அந்த மூடியைக் கொண்டுவந்து குடுத்தவன். ஐயாதான் கொப்பியிலை கிழிச்சுத் தாள் வைச்சவர்."

"அவன் எங்கை இப்ப?"

"தெரியாது தம்பி. அவன்ரை பேர் ஐயாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது."

யான் அறிந்தவற்றை ஒன்றும் மறையாமற் சொன்னேன். நிறம் அரியது என்பதையும், வணிகர் சொன்ன தொகை அதன் பெறுமதியிற் சிறு பங்கே என்பதையும், பெயரோடு இருந்தாலும் வாங்குவோர் வெளிநாட்டில் உளர் என்பதையும் சொன்னேன். என் இழுப்பறையில் அமெரிக்கப் பாக்கர் 51 மூடியொன்று, அதே காலத்தது, உடலில்லாமல் இருந்தது. அதனை எடுத்துப் பூட்டிக் காட்டினேன். மெல்லிய ஓசையோடு சென்று சரியாக நின்றது. விற்பதானால் இதனைப் பூட்டி விற்கலாம், விலை வேண்டாம், சீன மூடியைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். பேனையைச் சேர்ப்பவன் என்ற முறையில் அவ்வேளை என் மனம் அடைந்த நிலையை மறைக்க வேண்டியதில்லை. நிறைவுற்ற பிளம் ஒன்று என் மேசைமேற் கிடந்தது. அதற்குமுன் படத்திலன்றி யான் அதனைக் கண்டதில்லை.

அம்மையார் இரு மூடிகளையும் மாறி மாறிப் பூட்டிப் பார்த்தார். அமெரிக்க மூடி வடிவாய்த்தான் இருக்கின்றது என்றார். பின் அதனைக் கழற்றி என் பக்கம் நகர்த்திவிட்டு, "இது உங்களிட்டையே இருக்கட்டும். எழுதுமோ எண்டு மட்டும் பார்த்துத் தாங்கோ" என்றார்.

லூசைற்று நீருக்கு அஞ்சாதது. முன்பகுதியை மூன்று இரவு நீரில் ஊறவைத்தேன். முதல்நாள் வந்த நீலம் குவளையை இருளச் செய்தது. மூன்றாம் நாள் நீர் தெளிந்தது. பையைச் சட்டத்தால் அழுத்தியபோது குமிழிகள் எழுந்தன, ஓட்டை இல்லை. தாள் மடிப்பை முன்பிருந்தபடியே மடித்து மூடிக்குள் வைத்தேன். என் குறிப்பேட்டில், உடல், நிறம், இலக்கம், பொறிப்பு ஆகியவற்றுக்குரிய பத்திகளை நிரப்பியபின், மூடிக்குரிய பத்தியில் இடம் போதாமல் எதிர்ப்பக்கத்திலும் எழுத நேர்ந்தது.

நான்காம் நாள் அம்மையார் வந்தபோது மை நிரப்பிக் கொடுத்தேன். எழுதிப் பார்க்கத் தாள் நீட்டினேன். என்ன எழுதுவது என்று சிறிது யோசித்தார். பிறகு, திரும்பும் வழியில் சந்தையில் வாங்கவேண்டிய சாமான்களை வரிசையாக எழுதி, தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்தார்.